ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு நாய்: கொழும்புக் குடும்பங்களுக்கு முன்னுள்ள வழிகள்

ஓட்டிசம் உள்ள ஒரு சிறுவனின் கால்கள்மேல் பயிற்சி பெற்ற நாய் படுத்து அவனை ஆற்றுப்படுத்தும் காணொளியைப் பார்த்திராத பெற்றோர் இன்று வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வத்தளையிலோ குறைவு. கனடாவிலிருக்கும் சித்தியோ இலண்டனிலிருக்கும் மாமாவோ அதை அனுப்பிவிட்டு, "எங்கட பிள்ளைக்கும் இப்படி ஒன்று எடுத்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். அக்கறையோடு கேட்கப்படும் அந்தக் கேள்விக்கு அக்கறையோடு விடை சொல்ல வேண்டுமானால், கொழும்பில் வாழும் குடும்பத்துக்கு உண்மையில் எந்தெந்த வழிகள் திறந்திருக்கின்றன என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு அமைப்பொன்று முழுமையாகப் பயிற்றுவித்த உதவி நாயைப் பெறுவது ஒரு வழி. இங்கேயே ஒரு குட்டியை வாங்கி, பயிற்றுநர் ஒருவரைக் கொண்டு பழக்குவது இன்னொன்று. தன்மையான குணமுள்ள, வளர்ந்த வீட்டு நாய் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதோடு வாழக் குடும்பம் கற்றுக்கொள்வது மூன்றாவது. நாயை வீட்டுக்குக் கொண்டுவராமல், பிறருடைய நாயோடு பிள்ளை ஒழுங்காகப் பழகுவதற்கு நேரம் ஏற்படுத்திக் கொடுப்பது நான்காவது. நாயே வேண்டாம் என்று தீர்மானித்து, அந்தப் பணத்தையும் நேரத்தையும் வேறிடத்தில் செலவிடுவதும் மதிப்புக்குரிய ஒரு முடிவுதான். அதையும் கீழே பார்க்கிறேன்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், பயிற்சி பெற்ற நாய் உண்மையில் என்ன செய்கிறது என்பது தெளிவாக வேண்டும். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கென்று நாய்களைப் பயிற்றுவிப்பதில் முன்னோடியாக நின்றது, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1996இல் தொடங்கப்பட்ட நஷனல் சேர்விஸ் டோக்ஸ் என்ற அமைப்பு. அங்கும், பின்னர் அயர்லாந்து போன்ற நாடுகளிலும் வளர்ந்த முறையில், பெற்றோர், நாய், பிள்ளை ஆகிய மூவரும் ஒரே அணியாக வெளியே செல்கிறார்கள். நாயின் கழுத்துவார் தாயின் அல்லது தந்தையின் கையில் இருக்கும். பிள்ளையின் இடுப்பில் ஒரு பட்டி. அந்தப் பட்டியிலிருந்து குறுகிய வார் ஒன்று நாயின் மார்புப்பட்டியோடு இணைந்திருக்கும். பிள்ளை திடீரென்று ஓட முனைந்து வார் இறுகிய கணத்தில், நாய் நின்றுவிடவோ உட்கார்ந்துவிடவோ பழக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ முப்பது கிலோ எடையுள்ள லாப்ரடோர் ஒன்று அசையாமல் உட்கார்ந்தால், சிறு பிள்ளையால் அதை இழுத்துக்கொண்டு ஓட முடியாது. அந்தச் சில விநாடிகளில் பெற்றோர் கையைப் பிடித்துவிடுகிறார்கள். கட்டளை கொடுப்பவர் எப்போதும் பெரியவரே. பிள்ளையை நாயோடு பிணைத்துத் தனியே விடுவதற்கு எந்தப் பொறுப்பான அமைப்பும் இடமளிப்பதில்லை. சில அமைப்புகள் இந்த இணைப்பு வாரையே பயன்படுத்துவதில்லை. இதைத் தவிர, பிள்ளை கலங்கும்போது கட்டளைக்குப் பணிந்து மடியிலோ கால்களிலோ தலையையும் மார்பையும் சாய்த்து அழுத்தம் கொடுப்பதும், மீண்டும் மீண்டும் தன்னையே அடிக்கும் கையை மூக்கால் முட்டித் தடுப்பதும், இரவில் கட்டிலருகே படுத்திருப்பதும் அதன் வேலைகளில் சேரும்.

இவற்றால் குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது? பரோஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் நஷனல் சேர்விஸ் டோக்ஸிடம் நாய் பெற்ற 10 குடும்பங்களைப் பின்தொடர்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் முதன்மையாகச் சொன்னது பாதுகாப்பு. பிள்ளை எந்தக் கணத்திலும் கைநழுவி ஓடலாம் என்ற அச்சம் தணிந்ததால், அவர்கள் கடைக்கும் உறவினர் வீட்டுக்கும் குடும்பமாகப் போகத் தொடங்கினார்கள், இரவில் தூங்கினார்கள். பொது இடத்தில் பிள்ளை கதறி அழும்போது "வளர்க்கத் தெரியாதவர்கள்" என்று பார்த்தவர்கள், உதவி நாய் என்று காட்டும் அதன் மேலாடையைக் கண்டதும் விளங்கிக்கொண்டு அன்பாகப் பேசினார்கள் என்பதும் அதில் பதிவாகியிருக்கிறது. திருமண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் அந்தப் பார்வைகளைத் தாங்கிப் பழகிய நம்முடைய தாய்மாருக்கு இது எத்தனை பெரிய ஆறுதல் என்று விளக்கத் தேவையில்லை.

கியூபெக்கில் வியோவும் அவருடைய குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு உடலையே அளந்து பார்த்தது. 42 பிள்ளைகளின் உமிழ்நீரில், மன அழுத்தத்தோடு தொடர்புடைய கோர்ட்டிசோல் என்ற ஓமோனைச் சோதித்தார்கள். காலையில் விழித்தவுடன் அது ஏறும் அளவு, நாய் வருவதற்கு முன் 58 சதவீதமாக இருந்து, நாய் வீட்டில் இருந்தபோது 10 சதவீதமாகக் குறைந்தது. நாயைச் சிறிது காலம் அகற்றியபோது மீண்டும் 48 சதவீதமாக உயர்ந்தது. நம்பிக்கை தரும் முடிவு இது. ஆயினும் அளவோடு வாசிக்க வேண்டிய முடிவு. நாய் இல்லாத இன்னொரு குழுவோடு இது ஒப்பிடப்படவில்லை. பேச்சு வளர்ந்தது, ஓட்டிசம் குறைந்தது என்று எதையும் இது நிறுவவில்லை. நாய் ஓட்டிசத்துக்குச் சிகிச்சை என்று எவராவது உங்களிடம் விற்க வந்தால், அவரிடமிருந்து விலகிக்கொள்ளுங்கள்.

இனி முதல் வழியை எடுத்துக்கொள்வோம். முழுப் பயிற்சி பெற்ற நாய் உருவாக ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் செல்லும். குட்டிப் பருவத்தில் தொண்டர் குடும்பமொன்றில் வளர்ந்து, பிறகு பயிற்றுநர்களிடம் சென்று, இறுதியில் குறிப்பிட்ட பிள்ளைக்கென்று பொருத்தப்படுகிறது. கவனமாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட குட்டிகளிலும் பெரும்பங்கு இந்தப் படிகளில் விலக்கப்பட்டுவிடும். நாயை ஒப்படைத்த பின்னும் அமைப்பின் வேலை முடிவதில்லை. பெற்றோருக்கு நேரடிப் பயிற்சி, வீட்டுக்கு வந்து பார்வையிடுதல், ஆண்டுதோறும் மறுபரிசீலனை என்று அது தொடர்கிறது. ஆகவேதான் நல்ல அமைப்புகள் தாம் சென்று வரக்கூடிய தூரத்துக்குள் வாழும் குடும்பங்களுக்கே நாயைக் கொடுக்கின்றன. கொழும்புக்கு அனுப்பி வைக்கச் சம்மதிக்கும் ஒரு நிறுவனம் கிடைத்தால், மகிழ்வதற்கு முன், ஆறு மாதம் கழித்து நாய் கட்டளையை மறக்கத் தொடங்கும்போது யார் வருவார் என்று கேட்க வேண்டும். பணமும் பெரிது: வட அமெரிக்காவில் சில அமைப்புகள் குடும்பத்திடம் பல்லாயிரம் டொலர் கேட்கின்றன, நன்கொடையில் இயங்கி இலவசமாகக் கொடுக்கும் அமைப்புகளில் காத்திருப்போர் பட்டியல் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. நாயை இலங்கைக்குள் கொண்டுவர, பேராதனையில் கன்னொறுவையிலுள்ள கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதியும் தடுப்பூசி, சுகாதாரச் சான்றிதழ்களும் தேவை.

எல்லாவற்றையும் தாண்டி நாய் வந்து சேர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது பழகியது அகன்ற நடைபாதையும் மிதமான வெயிலும் உள்ள ஊரில். இங்கே காலி வீதியின் நடைபாதையில் பழக்கடையையும் நிறுத்திய மோட்டார் சைக்கிளையும் சுற்றிக்கொண்டு, பஸ்ஸின் ஹோர்ன் காதருகே அலற, மூவரும் ஒன்றாக நடக்க வேண்டும். ஒழுங்கைக்குள் திரும்பினால் அந்த ஒழுங்கையைத் தமதென்று கருதும் தெரு நாய்கள் எழுந்து வரும். நண்பகலில் தார் வீதி நாயின் பாதத்தைச் சுடும். அடுத்து, கடை வாசலில் நிற்கும் காவலாளி. ஐக்கிய அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும் பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமும் உதவி நாயோடு வருபவரை உள்ளே விடும்படி கடைக்காரரைக் கடமைப்படுத்துகின்றன. இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் செல்லும் இடத்துக்குச் செல்வதில் ஒருவரை அவருடைய இயலாமையின் பொருட்டுத் தடுக்கக்கூடாது என்கிறது. ஆனால் கதறும் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த வாசகம் நாய்க்கும் பொருந்துமென்று வாசலில் நின்று வாதாட எந்தத் தாயாலும் முடியாது. பாடசாலை, சிகிச்சை நிலையம், வழக்கமான கடை என ஒவ்வோர் இடத்திலும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெறுவதே நடைமுறை வழி. ஆகவே, கொழும்பில் தொடர்ந்து வாழப்போகும் குடும்பத்துக்கு இந்த முதல் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். கனடாவுக்கோ பிரித்தானியாவுக்கோ குடிபெயர்வது உறுதியாகிவிட்ட குடும்பம் மட்டும், சென்று இறங்கியவுடனேயே அங்குள்ள அமைப்பின் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட வேண்டும். பிள்ளை வளர்ந்துவிட்டால் பல அமைப்புகள் விண்ணப்பத்தை ஏற்பதில்லை.

இரண்டாவது வழி, குட்டியை வாங்கி இங்கேயே பழக்குவது. செலவு குறைவு என்று தோன்றுவதால் பலர் முதலில் இதையே நினைக்கிறார்கள். நான் மிகவும் அஞ்சுவதும் இதைத்தான். தேர்ந்த அமைப்புகளின் கையிலேயே பல குட்டிகள் தேறாமல் போகின்றன என்றால், விளம்பரம் பார்த்து வாங்கிய ஒரே குட்டி தேறும் என்று நம்புவதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது? குட்டி கடிக்கும், குதிக்கும், இரவில் ஊளையிடும், பிள்ளை வரிசையாக அடுக்கி வைத்த பொம்மைக் கார்களைக் கலைக்கும். ஒழுங்கு குலைவதைத் தாங்க முடியாத பிள்ளைக்கும், ஒலி கேட்டால் இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்கும், அந்த முதல் ஆண்டு பெருந்துன்பமாகிவிடலாம். ஏற்கெனவே தூக்கமில்லாத தாய்க்கு, பராமரிக்க இன்னொரு குழந்தை சேரும். காவல் நாய் பயிற்சியும் 'இரு, வா, நில்' என்ற பணிவுப் பயிற்சியும் தெரிந்தவர் எல்லோருக்கும் பிள்ளையோடு வேலை செய்யும் நாயைப் பழக்கத் தெரியும் என்று கொள்ளக்கூடாது. பயிற்றுநரிடம், ஓட்டிசம் உள்ள பிள்ளையோடு முன்னர் வேலை செய்திருக்கிறாரா, நாய் பிழை விட்டால் என்ன செய்வார், பயிற்சியின்போது பெற்றோரும் உடனிருக்கலாமா என்று கேளுங்கள். அடித்தோ கழுத்துச் சங்கிலியைச் சுண்டியோ பழக்குபவர் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அச்சத்தால் அடங்கிய நாய், தன் காதைப் பிடித்து இழுக்கும் பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. வளவும் மதிலும் உள்ள வீடு, வேலைக்குப் போகாத ஒரு பெரியவர், பத்து வயதைக் கடந்த, நாய்களை விரும்பும் பிள்ளை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த குடும்பத்துக்கு மட்டும் இது சரிவரலாம்.

மூன்றாவது வழியைப் பற்றி அதிகமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில், நாய் வேண்டும் என்று உறுதியாக இருக்கும் பெரும்பாலான கொழும்புக் குடும்பங்களுக்குப் பொருந்தக்கூடியது இதுவே என்பது என் முடிவு. பயிற்சி பெறாத சாதாரண வீட்டு நாயாலும் பயன் உண்டு என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. கிராண்ட்ஜோர்ஜும் அவருடைய குழுவினரும் பிரான்சில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குப் பிறகு வீட்டுக்கு ஒரு பிராணி வந்த பிள்ளைகளிடம், தன்னிடமிருப்பதைப் பகிர முன்வருதல், துயரப்படுபவரைத் தேற்றுதல் ஆகிய இரு குணங்களும் முன்னேறியிருந்தன. பிறந்ததிலிருந்தே வீட்டில் பிராணி இருந்த பிள்ளைகளிடம் அந்த முன்னேற்றம் காணப்படவில்லை. புதிதாக ஒரு உயிர் வந்து சேர்வதே ஒரு தூண்டுதலாகிறது என்று அதிலிருந்து கொள்ளலாம். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வீட்டு நாய் வந்த குடும்பங்களில் பெற்றோரின் மன அழுத்தம் குறைந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். டோக்ஸ் ஃபோர் குட் என்ற பிரித்தானிய அமைப்பு, உதவி நாய் கிடைக்காத பெற்றோருக்கு, சாதாரண வீட்டு நாயையே பிள்ளையின் அன்றாடத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று பட்டறைகள் நடத்தியிருக்கிறது. நாயின் தலைமயிரைச் சீவும்போது தன் தலையையும் சீவ விடுவது, நாய்க்குக் கிண்ணத்தில் உணவை அளந்து போடும்போது எண்ணப் பழகுவது, "வா" என்று அழைத்தால் ஒருவர் வருவார் என்பதை நாயிடம் முதலில் கண்டுகொள்வது போன்ற சின்னஞ்சிறு வேலைகளே இதன் சாரம். ஒரு சொல்லைச் சொன்னால் உடனே பலன் தெரிகிறது என்பது, பேச்சு தாமதமான பிள்ளைக்கு ஒரு பேச்சுச் சிகிச்சையாளர் வாரக்கணக்கில் புகட்ட முயலும் பாடம்.

எந்த நாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குட்டி வேண்டாம். இரண்டு அல்லது மூன்று வயதைத் தாண்டி, குணம் படிந்துவிட்ட நாயைத் தேடுங்கள். வெளிநாடு செல்லும் குடும்பங்கள் விட்டுச்செல்ல நேரும் வீட்டு நாய்களிலும், தெருவிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட ஊர் நாய்களிலும் மிகச் சாந்தமானவை உண்டு. ஊர் நாய் நம் வெப்பத்துக்கும் ஏற்றது. பார்க்கப் போகும்போது பிள்ளையை முதல் தடவை அழைத்துச் செல்லாதீர்கள். நாய்க்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் தட்டைத் தவறவிட்டுப் பாருங்கள். திடுக்கிட்டுப் பின்பு தானாக அருகே வந்து முகர்ந்தால் நல்ல அறிகுறி, பதுங்கினாலோ உறுமினாலோ விட்டுவிடுங்கள். காதையும் வாலையும் பாதத்தையும் மெதுவாகத் தொடுங்கள். அது உண்ணும்போது, உரிமையாளர் கிண்ணத்தின் அருகே செல்லும்போது அதன் உடல் விறைக்கிறதா என்று கவனியுங்கள். தேவையின்றிக் குரைக்கும் நாய், எத்தனை அன்பானதாயினும், ஒலிக்கு அஞ்சும் பிள்ளையுள்ள வீட்டுக்கு ஆகாது.

வீட்டாரின் மனத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அம்மம்மா சுவாமி அறைக்குள்ளும் குசினிக்குள்ளும் நாய் வரக்கூடாது என்றால், அதை எதிர்த்து வாதாடுவதைவிட, அந்த இரண்டு வாசல்களிலும் நாய் நின்றுவிடப் பழக்குவதே நல்லது. எல்லை தெளிவாக இருப்பது பிள்ளைக்கும் நல்லது. முஸ்லிம் குடும்பங்களிலும், முஸ்லிம் அயலவரோடு லிஃப்டைப் பகிரும் தொடர்மாடிகளிலும், நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும் என்ற மார்க்க விதி நடைமுறையில் கனமானது. அந்த வீடுகளுக்கு நாயை வற்புறுத்துவது முறையல்ல. தொடர்மாடி நிர்வாகக் குழுவின் விதியை நாயைத் தேர்வதற்கு முன்னரே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிள்ளை மனம் ஒன்றிய பின் நாயை அகற்றச் சொன்னால் ஏற்படும் இழப்பு மிகப் பெரியது.

நோய்த் தடுப்பில் எள்ளளவும் தளரக்கூடாது. விசர்நாய்க்கடி நோய் இலங்கையிலிருந்து இன்னும் நீங்கவில்லை. அறிகுறி தோன்றிய பின் அதற்கு மருந்தில்லை. ஆண்டுதோறும் தடுப்பூசி, மாநகர சபைப் பதிவு இரண்டும் கட்டாயம். பேச்சு குறைந்த பிள்ளை, வெளியில் ஒரு நாய் பிறாண்டியதையோ கடித்ததையோ வந்து சொல்லாது. குளிப்பாட்டும்போது கைகால்களைப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். காயம் கண்டால் சவர்க்காரமிட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி உடனே அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கையை வாயில் வைக்கும் பழக்கமுள்ள பிள்ளை என்றால், மிருக வைத்தியர் சொல்லும் கால அட்டவணைப்படி நாய்க்குப் பூச்சி மருந்து கொடுப்பதும் உண்ணி பார்ப்பதும் இரட்டிப்புக் கவனத்தோடு நடக்க வேண்டும். நாய்க்கும் ஓய்வு வேண்டும். பிள்ளை எட்ட முடியாத ஒரு மூலையை அதற்கென்று ஒதுக்கி, அங்கே அது படுத்திருக்கும்போது யாரும் தொடக்கூடாது என்ற விதியைப் படம் வரைந்து சுவரில் ஒட்டுங்கள்.

நான்காவது வழி எளியது, அதனாலேயே புறக்கணிக்கப்படுவது. மாமா வீட்டிலோ நண்பர் வீட்டிலோ உள்ள சாந்தமான நாயிடம், வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில், அரை மணி நேரம் பிள்ளையை அழைத்துச் செல்லலாம். முதல் நாட்களில் கதவுக்கு வெளியே நின்று பார்ப்பதே போதும். நாய் வளர்க்கும் எண்ணமுள்ள ஒவ்வொரு குடும்பமும் இதை இரண்டு மூன்று மாதங்களாவது செய்துவிட்டே மூன்றாவது வழிக்குச் செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பல பிள்ளைகளுக்கு இதுவே நிறைவாக அமைந்துவிடும்.

பிள்ளை ஓடிவிடுவதே உங்கள் முதல் அச்சம் என்றால், மேற்சொன்ன இரண்டாம், மூன்றாம், நான்காம் வழிகள் எதுவும் அதற்கு விடையில்லை. அமெரிக்காவில் அண்டர்சனும் குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் 49 சதவீதத்தினர் நான்கு வயதுக்குப் பிறகு ஒரு தடவையாவது ஓடிப்போக முயன்றவர்கள். அவர்களுக்கு நேர்ந்த ஆபத்துகளில் வீதியும் தண்ணீரும் முன்னின்றன. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் வாழ்பவருக்கு, ஒரு பக்கம் பஸ்கள், மறு பக்கம் மரைன் டிரைவ், அதைக் கடந்தால் கரையோரப் புகையிரதப் பாதை, அதற்கப்பால் கடல். இங்கே பணத்தை முதலில் செலவிட வேண்டியது கதவின் மேல்முனையில் வைக்கும் தாழ்ப்பாளுக்கும், கதவு திறந்தால் ஒலிக்கும் மணிக்கும், பல்கனிக் கம்பிக்கும், பெயரும் தொலைபேசி இலக்கமும் பொறித்த கைப்பட்டிக்கும், நீச்சல் வகுப்புக்கும்தான். ஒழுங்கை முனையிலுள்ள கடைக்காரரிடமும் ஓட்டோ தரிப்பிடத்திலும் பிள்ளையைக் காட்டி, தனியே கண்டால் மறித்து அழைக்கும்படி சொல்லி வையுங்கள், அவர்கள் செய்வார்கள்.

அதுபோல, பேச்சுச் சிகிச்சைக்கும் தொழில்வழிச் சிகிச்சைக்கும் ஒதுக்கிய பணத்தில் ஒரு ரூபாவும் நாய்க்காகக் குறையக்கூடாது. ஹேமமாலி பெரேராவும் குழுவினரும் இலங்கையில் 18 முதல் 24 மாத வயதுப் பிள்ளைகளிடையே நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு, 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசத்தைக் கண்டது. இத்தனை பிள்ளைகளுக்கு நம்மிடமுள்ள சிகிச்சையாளர்கள் மிகக் குறைவு. பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலோ ராகமையிலுள்ள ஆயதி நிலையத்திலோ கிடைத்த ஒரு தவணையை விட்டுவிட எந்தக் காரணமும் போதாது. பிள்ளை நான்கு வயதுக்கு உட்பட்டது என்றால், நாய் பற்றிய யோசனையையே சில ஆண்டுகள் தள்ளிவைத்துவிட்டு, அந்தச் சிகிச்சையில் முழுக் கவனத்தையும் வைக்கலாம்.

மூன்றாவது வழியை நாடும் குடும்பம், நாயை அழைத்து வருவதற்கு முந்திய வாரத்தில் மூன்று விடயங்களை ஒரு தாளில் எழுதி, வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவரும் படிக்க வைக்க வேண்டும். காலையும் மாலையும் நாயை நடத்திச் செல்பவர் யார். பிள்ளையும் நாயும் ஒரே அறையில் இருக்கும்போது கூட இருக்கும் பெரியவர் யார். இந்த ஏற்பாடு பிள்ளைக்கோ நாய்க்கோ ஒத்துவராவிட்டால் அந்த நாயை ஏற்றுக்கொள்ளச் சம்மதித்திருக்கும் வீடு எது. மூன்றாவது கேள்விக்குப் பெயர் சொல்லக்கூடிய ஒரு வீடு கிடைக்கும் வரை நாயை அழைத்து வர வேண்டாம்.